நோய் வராதவர்களை யார் எண்ணுவது? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் எழுதியவை. எல்லாமே ஒரு துறையின் அடிப்படைகளைச் சுற்றியே வருவதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எபிடெமியாலஜியை எங்கள் ஆசிரியர் ஒருவர் ‘தொற்றுநோயியல்’ என்கிறார்; இன்னொருவர் ‘நோய்ப்பரவலியல்’ என்கிறார்; ‘கொள்ளைநோயியல்’ என்றும் எங்கோ படித்த நினைவு. எது சரியான சொல்? – முதலாமாண்டு மாணவி, மதுரை

பதில்: மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, ஆனால் மூன்றும் ஒரே பொருளைத் தரவில்லை. ‘கொள்ளைநோய்’ என்பது காலராவும் பிளேக்கும் ஊர் ஊராக மக்களை வாரிக்கொண்டு போன காலத்துச் சொல். கிராமத்து வசவுகளில் ‘கொள்ளையில் போக’ என்று இன்றும் அது ஒலிக்கிறது. ‘தொற்றுநோயியல்’ என்பது நாளிதழ்களில் அதிகம் வழங்கும் சொல்லாயினும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் நோய்களோடு துறையை நிறுத்திவிடுகிறது. இத்துறையினர் மாரடைப்பு, நீரிழிவு, புற்றுநோய், சாலை விபத்து, தற்கொலை, பிறக்கும் குழந்தையின் எடைக்குறைவு ஆகியவற்றையும் இதே முறைகளைக் கொண்டுதான் ஆராய்கிறார்கள். 1948-ல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு இதயநோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு இத்துறையின் தூண்களில் ஒன்று. அதில் தொற்று எங்கே இருக்கிறது?

ஆகவே நான் ‘நோய்ப்பரவல்’ என்பதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதிலும் ஒரு கவனம் தேவை. தமிழில் ‘பரவல்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. தீ பரவுவதும் பரவல்தான். ஒரு தொகுதிக்குள் ஒன்று எங்கே எவ்வளவு அமைந்திருக்கிறது என்பதும், புள்ளியியலார் சொல்வதுபோல், பரவல்தான். இங்கே இரண்டாவது பொருளே உரியது. எவருக்கு, எந்த இடத்தில், எந்தக் காலத்தில் நோய் வருகிறது என்பதை முதலில் எண்ணி, பிறகு ‘ஏன் அவருக்கு, ஏன் இவருக்கு இல்லை’ என்று கேட்பதே இத்துறையின் வேலை. மருத்துவர் தம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்கிறார். நோய்ப்பரவலியல் கற்பவர், அந்த நோயாளி எந்த மக்கள் கூட்டத்திலிருந்து வந்தாரோ அந்தக் கூட்டம் முழுவதையும், அதில் நோயின்றி வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜான் ஸ்னோ ஒரு வரைபடம் வரைந்து காலராவின் காரணத்தைக் கண்டுபிடித்தார் என்றும், அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றுவிட்டது என்றும் முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்தார்கள். இது உண்மையா? – முதுநிலை மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கதையை இவ்வளவு சுருக்கிச் சொல்வதால், அதில் மாணவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பகுதி முழுவதும் விடுபட்டுப்போகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஜான் ஸ்னோ லண்டனில் பணியாற்றிய மருத்துவர். அந்நகரின் சோஹோ பகுதியில் 1854 ஆகஸ்ட் இறுதியில் காலரா வெடித்தது. பத்து நாட்களுக்குள் ஒரு சிறு வட்டாரத்தில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று அக்காலத்து மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். தண்ணீர் வழியாகவே வருகிறது என்று ஸ்னோ சில ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தார். எனவே வரைபடத்தைப் பார்த்த பிறகு அவருக்கு அந்த எண்ணம் தோன்றவில்லை. புகழ்பெற்ற அந்த வரைபடம், நோய் அடங்கிய பின்னர் தம் வாதத்தை மற்றவர்களுக்கு விளக்க அவர் ஆயத்தம் செய்தது. கைப்பிடி செப்டம்பர் 8 அன்று கழற்றப்பட்டது. அதற்குள் மக்களில் பெரும்பகுதியினர் வீடுகளைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டார்கள், இறப்புகளும் குறையத் தொடங்கியிருந்தன. இதை ஸ்னோ மறைக்கவில்லை, தாமே எழுதி வைத்தார்.

அப்படியானால் அவருடைய ஆய்வின் வலிமை எங்கே இருக்கிறது? இறப்புப் பதிவகத்திலிருந்து 83 பேரின் பட்டியலை வாங்கிக்கொண்டு அவர் வீடு வீடாகப் போனார். அவர்களில் 73 பேர் பிராட் தெரு அடிகுழாயை ஒட்டி வாழ்ந்தவர்கள். அவர்களில் 61 பேர் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று வீட்டார் சொன்னார்கள். 83 பேரில் எஞ்சிய 10 பேர் வேறு அடிகுழாய்களுக்கு அருகில் இருந்தவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் பத்துப் பேரும் அவருடைய கருத்துக்கு எதிரான சாட்சிகள். அவர்களை ஒதுக்கிவிடாமல் அவர் விசாரித்தார்: ஐந்து குடும்பங்கள் தூரத்தைப் பொருட்படுத்தாமல் பிராட் தெருவுக்கே ஆளனுப்பித் தண்ணீர் எடுத்து வந்தவை, மூன்று பேர் அந்தக் குழாய்க்கு அருகிலிருந்த பள்ளிக்குப் போன குழந்தைகள்.

அதற்கடுத்து அவர் செய்ததைத்தான் நான் ஒவ்வொரு வகுப்பிலும் வலியுறுத்துகிறேன். சாவு சூழ்ந்த அந்தத் தெருக்களின் நடுவே, சாகாதவர்களைத் தேடிப் போனார். போலந்து தெருவில் 535 பேர் வாழ்ந்த ஓர் ஏழைகள் விடுதியில் ஐந்து பேர் மட்டுமே காலராவால் இறந்திருந்தார்கள். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மதுபான ஆலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை. அவர்களுக்கு ஆலையிலேயே பீர் கிடைத்தது, தெருக்குழாயை அவர்கள் நாடவே இல்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்றால் அந்தக் காற்றையே சுவாசித்த இவர்கள் எப்படித் தப்பினார்கள்? மறுபுறம், சோஹோவின் காற்று எட்டாத ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு கைம்பெண், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் நாள்தோறும் வண்டியில் ஒரு பெரிய புட்டியில் வரவழைத்துக் குடித்தார்; அவரும் இறந்தார், அவரைப் பார்க்க வந்து அதைக் குடித்த அவருடைய உறவுப் பெண்ணும் இறந்தார்.

ஸ்னோவின் கருத்தை நம்பாமல் அதைப் பொய்யாக்கவே விசாரிக்கத் தொடங்கியவர் அந்தப் பகுதியின் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். தப்பிப் பிழைத்தவர்களிடமும் நோயே வராதவர்களிடமும் அவர் மீண்டும் மீண்டும் போய்க் கேட்டார். கேட்கக் கேட்க அவரே மனம் மாறி ஸ்னோவின் பக்கம் வந்தார். பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த ஒரு கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர், கிணற்றுக்கு மிக அருகிலிருந்த சாக்கடைக் குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டறிந்ததும் அவர்தான்.

இவற்றையும் விட வலிமையான சான்று அதே ஆண்டில் தென் லண்டனில் கிடைத்தது. அங்கே இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் குழாய் பதித்துத் தண்ணீர் வழங்கின. அடுத்தடுத்த வீடுகளுக்குக்கூட வெவ்வேறு நிறுவனத்தின் தண்ணீர் வந்தது. லாம்பெத் நிறுவனம் 1852-ல், தேம்ஸ் ஆற்றில் தான் நீர் எடுக்கும் இடத்தை, நகரின் கழிவு கலக்காத மேல்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சவுத்வார்க்–வாக்ஸ்ஹால் நிறுவனம் மாற்றவில்லை. தொற்றின் முதல் ஏழு வாரங்களில் பின்னதன் 40,046 வீடுகளில் 1,263 இறப்புகள், முன்னதன் 26,107 வீடுகளில் 98 இறப்புகள். 10,000 வீடுகளுக்கு 315 என்றும் 37 என்றும் கணக்கிட்டால் ஏறத்தாழ எட்டரை மடங்கு வேறுபாடு. ஏழையும் பணக்காரரும், முதியவரும் குழந்தையும், எல்லாத் தொழிலினரும் இரண்டு பக்கமும் கலந்தே இருந்தார்கள். தண்ணீர் ஒன்றுதான் வேறாக இருந்தது. எந்த வீட்டுக்கு எந்தத் தண்ணீர் என்று வீட்டாருக்கே தெரியாத இடங்களில், நீரில் கரைந்திருந்த உப்பின் அளவைச் சோதித்து அவர் பிரித்தறிந்தார். காலராக் கிருமியை ராபர்ட் கோஹ் உலகம் ஏற்கும்படி நிறுவியது 1880-களில்தான். கிருமியின் பெயர் தெரியாமலே நோயைத் தடுக்கும் வழி தெரிந்துவிட்டது.

கேள்வி: இன்சிடென்ஸ், பிரிவலென்ஸ் இரண்டையும் ஒவ்வொரு தேர்விலும் குழப்பிக்கொள்கிறேன். எளிதாக நினைவில் வைக்க வழி உண்டா? – மாணவி, சிவகங்கை

பதில்: உங்கள் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் ஒரு நாளைக்கு எவ்வளவு புதுத் தண்ணீர் வருகிறது என்பது இன்சிடென்ஸ், அதாவது புது நோய் வீதம். இன்று காலை கண்மாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது பிரிவலென்ஸ், அதாவது நிலவும் நோய் அளவு. மடை வழியாக வெளியேறுவது குணமடைதலும் இறப்பும். வரத்து மாறாமல் இருக்கும்போதே மடையை அடைத்தால் நீர்மட்டம் உயரும் அல்லவா? எச்.ஐ.வி.க்கு நல்ல கூட்டு மருந்துகள் வந்த பிறகு, புதிதாகத் தொற்று வருவது குறைந்த இடங்களில்கூட, அந்தத் தொற்றோடு வாழ்பவர்களின் எண்ணிக்கை கூடியது. காரணம், அவர்கள் இறக்காமல் நீண்ட நாள் வாழ்கிறார்கள். அந்த உயர்வைத் தோல்வியாகப் படிப்பவர் கண்மாயைப் பார்த்தாரேயொழிய மடையைப் பார்க்கவில்லை. நிலைமை சீராக இருக்கும்போது நிலவும் அளவு, புது நோய் வீதத்தை நோய் நீடிக்கும் காலத்தால் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமம் என்ற பாடநூல் வாய்பாடு இதையே சொல்கிறது.

இதோடு ஒரு மொழிக் குறிப்பு. நம் நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் ‘விகிதம்’ என்றே எழுதுகின்றன. காலத்தையும் சேர்த்து அளப்பது வீதம். ஒன்றை இன்னொன்றால் வகுப்பது விகிதம். முழுமையில் ஒரு பகுதி எவ்வளவு என்பது விகிதாசாரம். தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் பிரித்தே எழுதப் பழக வேண்டும்.

கேள்வி: திருமண விருந்துக்குப் பின் பலருக்கு வாந்தி, பேதி ஏற்பட்டால் எங்களை விசாரிக்க அனுப்புகிறார்கள். நோயாளிகள் அனைவரும் சாப்பிட்ட பண்டம் எது என்று கேட்டு அதையே காரணமாக எழுதுவது எங்கள் வழக்கம். இது போதுமா? – சுகாதார ஆய்வாளர், தஞ்சாவூர்

பதில்: போதாது. ஏன் என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குகிறேன். பந்தியில் 200 பேர் சாப்பிட்டார்கள், 68 பேர் நோயுற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 68 பேரில் 65 பேர் சாம்பார் சாப்பிட்டவர்கள், 60 பேர் பால் பாயசம் சாப்பிட்டவர்கள். நோயாளிகளை மட்டும் கேட்டால் சாம்பார்தான் முதல் குற்றவாளி.

இப்போது நோய் வராத 132 பேரையும் கேளுங்கள். சாம்பார் சாப்பிட்டவர்கள் மொத்தம் 190 பேர். அவர்களில் 65 பேருக்கு நோய், அதாவது 34 விழுக்காடு. சாப்பிடாதவர்கள் 10 பேர். அவர்களில் 3 பேருக்கு நோய், 30 விழுக்காடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. பாயசத்துக்கு வாருங்கள். குடித்தவர்கள் 120 பேர், நோயுற்றவர்கள் 60. தாக்கு வீதம் 50 விழுக்காடு. குடிக்காதவர்கள் 80 பேர், நோயுற்றவர்கள் 8, 10 விழுக்காடு. ஐந்து மடங்கு. சாம்பார் பட்டியலில் முதலிடம் பிடித்ததற்குக் காரணம், பந்தியில் அநேகமாக எல்லோருமே சாம்பார் ஊற்றிக்கொண்டார்கள் என்பதுதான்.

பாயசம் குடிக்காத அந்த எட்டுப் பேரைப் பற்றியும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். பரிமாறிய கரண்டி வேறு பாத்திரத்தில் பட்டிருக்கலாம். குடித்ததை அவர்கள் மறந்திருக்கலாம். வேறு காரணத்தால் வயிறு கெட்டிருக்கலாம். எதுவானாலும் அவர்கள் பட்டியலிலிருந்து காணாமல் போகக் கூடாது. இன்னொன்று: விசாரணைக்குப் போகும் முன்பே, யாரை நோயாளி என்று கொள்வது என்ற வரையறையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘விருந்துக்குப் பின் 48 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பேதியானவர்’ என்பதுபோல் ஆள், இடம், காலம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வரையறை இல்லாவிட்டால், பாயசம் குடித்தவருக்கு இலேசான வயிற்று வலி வந்தாலும் நோயாளி என்றும், குடிக்காதவருக்கு அதே வலி வந்தால் இல்லையென்றும் நம் கை தானாகவே எழுதிவிடும்.

கேள்வி: கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு, கோஹார்ட் ஆய்வு இரண்டும் ஒரே கேள்விக்கு விடை தேடுகின்றன என்றால் இரண்டு எதற்கு? ஒன்றில் ஆட்ஸ் விகிதமும் மற்றொன்றில் ஒப்பு இடரும் கணக்கிடச் சொல்வது ஏன்? – முதுநிலை மாணவர், சேலம்

பதில்: ஒரே கேள்வியை ஒரே இருவர் இரண்டு முறையிலும் ஆராய்ந்த வரலாறு நமக்குக் கிடைத்திருக்கிறது, அதன் வழியாகவே பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் நுரையீரல் புற்றுநோய் இறப்புகள் வேகமாகக் கூடின. ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில்லும் காரணம் தேடத் தொடங்கியபோது, சாலைகளில் பூசும் தாரும் மோட்டார் வண்டிப் புகையும் காரணமாக இருக்கலாம் என்ற ஐயமே டாலுக்கு வலுவாக இருந்தது.

லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோய் கண்ட 709 பேரையும், பாலினத்திலும் வயதிலும் அவர்களுக்கு இணையான, வேறு நோய்களுக்காக வந்திருந்த 709 பேரையும் எடுத்துக்கொண்டு, அவர்களின் பழைய பழக்கங்களை விசாரித்து 1950-ல் வெளியிட்டார்கள். இது கேஸ்-கன்ட்ரோல் ஆய்வு: நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் எடுத்துக்கொண்டு பின்னோக்கிக் கேட்பது. ஆண்களை மட்டும் பார்த்தால் இரு பக்கமும் 649 பேர். புற்றுநோயாளிகளில் புகைக்காதவர்கள் 2 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 27 பேர். இங்கே கவனியுங்கள்: 649-க்கு 649 என்று ஆட்களைத் தேர்ந்தெடுத்தது ஆய்வாளர்களே. நகரத்தில் பாதிப் பேருக்குப் புற்றுநோய் இருப்பதாக அதற்குப் பொருளில்லை. எனவே, புகைப்பவருக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இந்தக் கட்டங்களிலிருந்து கணக்கிட முடியாது. பகுதி எண், அதாவது வகுக்க வேண்டிய மொத்த ஆட்களின் எண்ணிக்கை, நம் கைக்கு வராததால் இடரும், அதாவது நோய் வரும் வாய்ப்பும், வராது. ஆனால் புகைத்தவருக்கும் புகைக்காதவருக்கும் உள்ள ஈவை ஒவ்வொரு குழுவிலும் காணலாம். நோயாளிகளில் 647-க்கு 2, மற்றவர்களில் 622-க்கு 27. முதல் ஈவை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 14. இதுவே ஆட்ஸ் விகிதம். ஒரு குழுவின் இடரை இன்னொன்றின் இடரால் வகுப்பது ஒப்பு இடர்; நோய் அரிதாக இருக்கும்போது ஆட்ஸ் விகிதம் அதற்கு மிக நெருங்கி வரும்.

விசாரித்தவர்கள், இவர் புற்றுநோயாளி என்று தெரிந்துகொண்டு துருவித் துருவிக் கேட்டிருக்க மாட்டார்களா என்ற ஐயம் நியாயமானது. இதற்கு அவர்களிடம் அழகான ஒரு விடை இருந்தது. நுரையீரல் புற்றுநோய் என்று கருதி விசாரிக்கப்பட்டு, பிறகு அந்நோய் இல்லை என்று தெரியவந்தவர்களும் சிலர் இருந்தார்கள். அவர்களின் புகைப் பழக்கம், புற்றுநோயாளிகளைப் போல் இல்லாமல் மற்ற நோயாளிகளின் பழக்கத்தையே ஒத்திருந்தது. கேட்டவரின் சாய்வு காரணமாக இருந்தால் இப்படி அமைந்திராது. இப்போதும் படிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி தரும் இடம் இது.

ஆனாலும் பலர் ஏற்கவில்லை. எனவே 1951-ல் பிரிட்டனின் மருத்துவர்களுக்கே அவர்கள் கடிதம் எழுதினார்கள். ஏறத்தாழ 40,000 பேர் தங்கள் புகைப் பழக்கத்தை எழுதி அனுப்பினார்கள். மருத்துவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள் என்பதால் பிற்காலத்தில் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. இது கோஹார்ட் ஆய்வு: நோய் வரும் முன்பே ஆட்களைச் சேர்த்து, வாழ்க்கை நகர நகர அவர்களோடு நாமும் நகர்வது. 1956-ல் வெளியான அறிக்கையில், நுரையீரல் புற்றுநோய் இறப்பு வீதம் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குப் புகைக்காதவர்களிடம் 0.07, நாளொன்றுக்கு 25 சிகரெட்டும் அதற்கு மேலும் புகைத்தவர்களிடம் 1.66. வகுத்தால் ஏறத்தாழ 24 மடங்கு. கழித்தால் ஆயிரத்துக்கு 1.59. முதல் எண் காரணத் தொடர்பின் வலிமையைக் காட்டும். இரண்டாவது எண், அந்தப் பழக்கம் இல்லாதிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்பதைக் காட்டும். இரண்டையும் எழுதப் பழகுங்கள். ‘மடங்கு’ மட்டும் எழுதும் செய்தித்தாள் வழக்கம் மக்களைத் தேவையின்றி அச்சுறுத்துகிறது, சில நேரங்களில் பொய்யான ஆறுதலும் தருகிறது. 34,439 ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த இந்த ஆய்வின் அறிக்கை 2004-ல் வந்தபோது, புகைப்பதை விடாதவர்கள் சராசரியாக ஏறத்தாழப் பத்து ஆண்டு வாழ்நாளை இழந்திருந்தது தெரிந்தது.

கேள்வி: குழப்பக் காரணிகள் அனைத்தையும் கணினியில் சரிசெய்துவிட்டால் அவதானிப்பு ஆய்வே போதாதா? சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வு எதற்கு? – ஆராய்ச்சி மாணவி, புதுச்சேரி

பதில்: குழப்பக் காரணி என்பது, நாம் ஆராயும் பழக்கத்தோடும் நோயோடும் ஒருங்கே தொடர்புகொண்டு நம்மை ஏமாற்றும் மூன்றாவது காரணி. அவற்றில் நீங்கள் அளந்தவற்றை மட்டுமே கணினியால் சரிசெய்ய முடியும். மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டால் இதயநோய் குறையும் என்று, யாருக்கும் எதையும் நாமாக ஒதுக்காமல் நடப்பதை மட்டும் பார்க்கும் பெரிய அவதானிப்பு ஆய்வுகள் பல காட்டின. மருத்துவர்களும் நம்பி எழுதிக்கொடுத்தார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சீரற்ற முறையில் இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வில், கூட்டு ஹார்மோன் எடுத்தவர்களிடம் இதயநோய் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்ததால் 2002-ல் அந்தப் பகுதி ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. விரும்பி மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் வசதியும் உடல்நலமும் மிக்கவர்களாக இருந்தது முன்னைய முடிவுகளுக்கு ஒரு காரணம். மாத்திரை தொடங்கிய வயதும் காலமும் வேறுபட்டது இன்னொன்று. சீட்டுக் குலுக்கிப் போடும்போது, நாம் பெயர் வைத்திராத காரணிகளும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்துவிடும். அந்த ஒன்றுக்காகவே அவ்வளவு செலவும் உழைப்பும்.

கேள்வி: எங்கள் மருத்துவமனைக்கு வந்த 300 நீரிழிவு நோயாளிகளின் பதிவேடுகளை வைத்து, இம்மாவட்டத்தில் நீரிழிவு கூடுவதற்குக் காரணம் என்ன என்று ஆய்வேடு எழுதலாமா? – முதுநிலை மாணவர், திருநெல்வேலி

பதில்: அந்தத் தலைப்பில் எழுத வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். 300 பேரும் நோயாளிகள், ஒப்பிட ஆளில்லை. அவர்களில் 60 விழுக்காட்டினர் உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் என்று நீங்கள் கண்டாலும், நோயில்லாதவர்களில் எத்தனை விழுக்காட்டினர் அப்படி என்று தெரியாதவரை அந்த எண் எதையும் சொல்லாது. நோயில்லாதவர்களை அதே மருத்துவமனையிலிருந்து எடுத்தாலும் சிக்கல் உண்டு. 1946-ல் ஜோசப் பெர்க்சன் விளக்கியதுபோல், ஒரு நோய் மட்டும் உள்ளவரைவிட இரண்டு நோய் உள்ளவர் மருத்துவமனைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். அதனால் ஊரில் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு நோய்கள், வார்டுக்குள் தொடர்புடையவை போல் தோன்றும்.

நானும் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். பணியின் தொடக்கத்தில் ஒரு மாவட்டத்தின் காய்ச்சல் பதிவுகளைத் தொகுத்து, குறிப்பிட்ட ஒரு நகரில்தான் நோய் மிகுதி என்று வரைபடத்தோடு அறிக்கை கொடுத்தேன். அந்த நகரில்தான் இரத்தப் பரிசோதனைக் கூடம் இருந்தது. மற்ற ஊர்களில் காய்ச்சல் வந்தவர்கள் பரிசோதிக்கப்படவே இல்லை. பரிசோதனை நடந்த இடத்தை நோய் இருந்த இடமாக எழுதிவிட்டேன் என்பது, மூத்த செவிலியர் ஒருவர் மெதுவாகக் கேட்ட பிறகே எனக்குப் புரிந்தது. மருந்துத் தெளிப்பு அந்த வாரம் வேறு ஊர்களுக்குப் போயிருக்க வேண்டியது. அது இன்றும் என் மனத்தில் உறுத்துகிறது.

உங்கள் பதிவேடுகள் வீண் என்று நினைக்காதீர்கள்; கேள்வியை மாற்றினால் அவை பேசும். அந்த 300 பேரில் ஓராண்டுக்குள் சிகிச்சையை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், தொடர்ந்தவர்களிலிருந்து அவர்கள் எதில் வேறுபட்டார்கள் என்று கேளுங்கள். அப்போது பகுதி எண் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது, ஒப்பிட ஆளும் இருக்கிறது. வராமல் போனவர்களில் சிலரை வீட்டுக்கே போய்ப் பாருங்கள். வேறு மருத்துவரிடம் மாறிக்கொண்டவரும், பேருந்துக் கட்டணத்துக்கு வழியின்றி நின்றுவிட்டவரும், இறந்துபோனவரும் பதிவேட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரிவார்கள்.

கேள்வி: கேரளத்தின் இறப்பு வீதம் பீகாரைவிடக் கூடுதல் என்று ஒரு புள்ளிவிவரத்தில் பார்த்தேன். அச்சுப்பிழையா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பிழையில்லை. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் பேருக்கு இறப்பு கேரளத்தில் 7.0, பீகாரில் 5.4. அதே கணக்கில் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் கேரளத்தில் 6, பீகாரில் 27. கேரளத்தில் முதியவர்கள் அதிகம், பீகாரில் இளையவர்கள் அதிகம் என்பதே விளக்கம். இரு மாநிலங்களுக்கும் ஒரே வயது அமைப்பு இருந்தால் எத்தனை இறப்புகள் நேர்ந்திருக்கும் என்று திருத்திக் கணக்கிடுவதையே வயதுத் தரப்படுத்தல் என்கிறோம். அதைச் செய்யாமல் இரண்டு ஊர்களின் இறப்பு வீதங்களை அருகருகே வைப்பது ஒப்பீடே ஆகாது.

கேள்வி: 1970 வாக்கில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் காசநோய்த் தடுப்பூசி போட்டதாகவும், தமக்குப் போட்டது மருந்தா வெறும் நீரா என்று கடைசிவரை சொல்லவே இல்லை என்றும் என் தாத்தா வருத்தத்தோடு சொல்வார். இப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே நடந்ததா? – இளநிலை மருத்துவ மாணவர், திருவள்ளூர்

பதில்: நடந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்று உங்கள் மாவட்டத்தில் உள்ள திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய பி.சி.ஜி. ஆய்வு அது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் தாத்தாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: அவருக்குப் போட்டது எது என்று ஊசி போட்டவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால், தடுப்பூசி போட்டுக்கொண்டவரின் இருமலைச் சளி என்றும், மற்றவரின் இருமலைக் காசம் என்றும் பார்க்கும் சாய்வு எவருக்கும் வந்துவிடும். பி.சி.ஜி. தழும்பைக் கொண்டு சிலர் பின்னாளில் ஊகித்திருக்கலாம்; ஆனால் சளியில் கிருமி இருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பவரின் முன்னால் தழும்பு இல்லை. உங்கள் தாத்தாவுக்கு அன்று போதிய விளக்கம் தரப்படவில்லை என்றால் அந்த வருத்தம் நியாயமானதே. இன்று இத்தகைய ஆய்வை, ஒவ்வொருவரிடமும் விளக்கி ஒப்புதல் பெறாமல் நடத்த முடியாது.

இந்தத் துறைக்குத் தமிழ்நாடு கொடுத்த பெரிய ஆய்வு இது ஒன்று மட்டும் இல்லை. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை தருவதையும் அவரவர் வீட்டிலேயே மருந்து தருவதையும் சீரற்ற முறையில் ஒதுக்கி ஒப்பிட்டார்கள். நெருக்கடியான வீடுகளும் அரைகுறைச் சாப்பாடும் இருந்தபோதும் வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பயன் தந்தது. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் கண்காணித்து, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தினரைவிட இவர்களுக்குக் காசநோய் கூடுதலாக வரவில்லை என்று காட்டினார்கள். படுக்கை கிடைக்காமல் காத்திருந்த ஏழை நாடுகளின் நோயாளிகளுக்கு அது திறந்த வழி.

செங்கல்பட்டு ஆய்வின் விடை எவரும் எதிர்பாராதது. பிரிட்டனில் 1950-ல் தொடங்கிய ஆய்வில், பள்ளிப் பருவத்தினரிடம் பி.சி.ஜி. ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்புத் தந்திருந்தது. இங்கே ஏழரை ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோதும், பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் கணக்கிட்டபோதும், பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயை அது தடுத்ததாகத் தெரியவில்லை. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசக் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் முன்பே உடலில் ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கிவிடுவதால் தடுப்பூசியின் கூடுதல் பயன் தெரியாமல் போகிறது என்பது முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் ஒன்று. ஓர் ஊரில் உண்மையான விடை இன்னோர் ஊரிலும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளக் கூடாது என்பதற்கு உலகெங்கும் வகுப்பறைகளில் இந்த ஆய்வைக் காட்டுகிறார்கள். கைக்குழந்தைகளுக்கு மூளைச்சவ்வையும் உடல் முழுவதையும் தாக்கும் கொடிய காசநோய் வடிவங்களிலிருந்து பி.சி.ஜி. பாதுகாப்புத் தருகிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானதால், பிறந்த குழந்தைகளுக்கு அதை நாம் இன்றும் போடுகிறோம்.